ஐந்தாம் லயத்துச் சுவர்க் குறிப்புகள்

சுலோஜனா டீச்சருக்கு எதைக் கண்டாலும் அளந்து பார்க்க வேண்டும். பெரகலச் சந்திக்குக் கீழே குருவிமலைத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்க வந்த முதல் மாதமே, ஜாம் போத்தல் ஒன்றை வெளியில் வைத்து மழையை அளக்கத் தொடங்கிவிட்டாள். அதிபர் சிரித்தார். "பேஞ்சா நனையப் போறோம். அத அளந்து என்ன டீச்சர் பண்ணப் போறீங்க?" என்றார். அது அவளுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

2006ஆம் ஆண்டு, பள்ளிக்கூடத்துக்கு வராத பிள்ளையொன்றைத் தேடி தொழிலாளர்களின் ஒற்றையறை வீட்டு வரிசையான ஐந்தாம் லயத்துக்குப் போனவள், பிள்ளையின் தாய் யோகம்மாவின் அறையில் பின்சுவரைப் பார்த்து நின்றுவிட்டாள். கதவு நிலையிலிருந்து இரண்டடி தள்ளி, மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. யோகம்மா கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வந்து தேநீருக்குத் தண்ணீர் வைத்திருந்தாள்.

"இது எவ்வளவு நாளா இருக்கு?"

"அது கெடக்குங்க டீச்சர். நான் கல்யாணம் கட்டி வந்தப்பவே இருந்துச்சு. பொங்கலுக்குப் பொங்கல் மண்ணு வச்சு அடைச்சு சுண்ணாம்பு பூசுவோம். மழைக்கு மறுபடி வாயத் தொறந்துக்கும்."

வேறு யாராக இருந்தாலும் ஐயோ பாவம் என்று தேநீரைக் குடித்துவிட்டுப் போயிருப்பார்கள். சுலோஜனா கைப்பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்தாள். மூன்று மில்லிமீற்றர். அடுத்த வாரம் எவ்வளவு இருக்கும்? அந்தக் கேள்வி அவளை விடவில்லை. அதிலிருந்து வெள்ளிதோறும் பள்ளி விட்டதும் லயத்தின் பன்னிரண்டு அறைகளுக்கும் போய் அளந்தாள். யாரும் தடுக்கவில்லை. எதற்கென்று கேட்கவும் இல்லை. டீச்சர்மார் என்றால் எதையாவது எழுதிக்கொண்டுதான் இருப்பார்கள் என்று விட்டுவிட்டார்கள்.

முதலில் ஒரு கொப்பியில்தான் எழுதினாள். ஒருநாள் மழையில் பையும் கொப்பியும் ஊறி, நான்கு மாதக் கணக்கு நீல மையாய்க் கரைந்தது. சனிக்கிழமைகளில் அவள் பதுளையில் அம்மா வீட்டுக்குப் போவது வழக்கம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இன்டர்நெட் கடை வைத்திருந்த ஜாபிரிடம் புலம்பினாள். ஜாபிர் அவளை ஒரு கணினியின் முன் உட்காரவைத்து இலவச இணையக் குறிப்பேடு ஒன்றைத் திறந்துகாட்டினான். சேரும்போதே முதல் பக்கத்தில் ஒரு வாசகம் இருந்தது: நீங்கள் எழுதுவது உங்களுடையது, விரும்பும்போது மொத்தமாக எடுத்துக்கொண்டு போகலாம். அதை அவள் இரண்டு தரம் வாசித்தாள். லயம் தோட்டத்துடையது, பள்ளிக்கூடக் காணியும் தோட்டத்துடையது, அவள் தங்கியிருந்த குவாட்டர்ஸ் அரசாங்கத்துடையது. முகம் தெரியாத யாரோ ஒருவன் வலிய வந்து இது உன்னுடையது என்று சொன்னது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அறைக்கு ஒரு பக்கம் என்று பன்னிரண்டு பக்கங்கள் திறந்தாள். ஒவ்வொன்றிலும் வெடிப்பு இருக்கும் இடம், உயரம், அகலம், அந்த வாரத்து மழை.

அப்படியே இரண்டரை வருடம் போயிற்று. 2008 ஐப்பசி மழை முடிந்ததும் கணக்கை முதலிலிருந்து புரட்டிப் பார்த்தாள். பத்து அறைகளில் வெடிப்பு மெல்ல வளர்ந்திருந்தது. மலைப் பக்கம் பார்த்த இரண்டு அறைகளில் வேகமாக வளர்ந்திருந்தது. பதுளையில் மண்சரிவு அபாயத்தைக் கவனிக்கும் காரியாலயத்துக்குக் கடிதம் போட்டாள். ஜனவரி இருபதாம் திகதி பொறியியலாளர் ஒருவர் வருவார் என்று பதில் வந்தது. ஆபத்தான லயங்களின் பட்டியலில் அவர் இதை எழுதினால், சித்திரை மழைக்கு முன் பன்னிரண்டு குடும்பங்களுக்கும் மைதானத்துக்குப் பக்கத்துச் சமதரையில் வீடு கிடைக்கும். எழுதாவிட்டால் அடுத்த பட்டியல் எப்போது வருமோ, யாருக்கும் தெரியாது.

ஜனவரி மூன்றாம் திகதி, முதல்நாள் அளந்ததைப் பதியக் கடைக்குப் போனபோது ஜாபிரின் முகம் சரியில்லை.

"டீச்சர், ஒங்கட குறிப்பேட மூடப் போறாங்களாம். பதினஞ்சாந் தேதியோட சரி."

"அப்ப நான் எழுதினதெல்லாம்?"

"எடுத்துக்கிட்டுப் போகலாம்ண்டு செல்லியீக்கி. கொஞ்சம் இரிங்க, எறக்கிப் பார்ப்போம்."

இறங்குவதற்கு நாற்பது நிமிடம் பிடித்தது. நடுவில் ஒருமுறை கரண்ட் போய் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. கடைசியில் எல்லாம் ஒரே ஃபைலாக வந்து பென் டிரைவில் உட்கார்ந்தது. சுலோஜனா அதோடு விடுவாளா? இன்டர்நெட் வயரைக் கழற்றச் சொன்னாள். கழற்றிய பிறகும் ஃபைல் திறந்தது. பன்னிரண்டு பக்கமும் இருந்தன, புதிதாக எழுதவும் முடிந்தது. இனி யார் எந்தக் கடையை மூடினால் என்ன, எல்லாம் என் கையில் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அன்று அவளுக்கிருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்த வெள்ளிக்கிழமை பெருமழை, லயத்துப் பக்கமே போக முடியவில்லை. அதற்கடுத்த வெள்ளி பொங்கல் லீவு. இருபதாம் திகதி காலை பொறியியலாளர் மதுசூதனனை அழைத்துக்கொண்டு ஐந்தாம் லயத்து முற்றத்தில் கால் வைத்தபோதுதான், தான் எதை மறந்தோம் என்பது அவளுக்கு உறைத்தது.

லயம் பளிச்சென்றிருந்தது. பன்னிரண்டு அறைகளுக்கும் உள்ளும் புறமும் புதுச் சுண்ணாம்பு. வாசலில் பொங்கல் கோலம்கூட முழுதாக அழியவில்லை. பெரிய காரியாலயத்துச் சார் வருகிறார் என்று பெண்கள் தரையையும் மெழுகி வைத்திருந்தார்கள்.

மதுசூதனன் யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமான மனிதர். ஒவ்வொரு சுவராகக் கையால் தடவிப் பார்த்தார். "எங்க டீச்சர் வெடிப்பு?" என்று கேட்டார்.

சுலோஜனா பென் டிரைவை நீட்டினாள். அவர் மடிக்கணினியை ஜீப்பின் மேல் வைத்துத் திறந்து, பக்கம் பக்கமாக வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் முகம் மாறியது. அவளுக்கு நம்பிக்கை வந்தது. பிறகு அவர் யோகம்மாவின் பக்கத்தில் 9 என்றிருந்த இடத்தைத் தொட்டு, ஒரு பூச்சியம் சேர்த்துத் தொண்ணூறாக்கிச் சேமித்தார். ஃபைல் ஏனென்று கேட்கவில்லை.

"குறை நினைக்காதேங்கோ டீச்சர். இது உங்கட ஃபைல். நீங்கள் நினைச்சால் நேற்று இரவும் எழுதியிருக்கலாம். அந்த இணையத்தளத்தில இருந்தாலாவது, எண்டைக்கு எழுதினது எண்டு அவங்கள் போட்ட திகதி இருந்திருக்கும். அதைக் காட்டேலுமோ?"

"அஞ்சு நாளைக்கு முந்தி மூடிப்போட்டாங்கள்," என்றாள் சுலோஜனா. அம்மாவின் யாழ்ப்பாணப் பேச்சு தானாக வாயில் வந்தது. அழுகையும் வரும் போலிருந்தது. தன் கையில் இருக்கிறது என்று எதற்காகக் குதித்தாளோ, அதனாலேயே அது செல்லாமல் போனது.

மதுசூதனன் பூச்சியத்தை அழித்துக் கணினியை மூடப்போனார். வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த யோகம்மா உள்ளே போய், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"சார், அதுல எடம் எழுதியிருக்குமில்ல? எங்கன்னு வாசிங்க. சொரண்டிப் பாத்துருவோம். பொங்கலுக்கு வச்ச மண்ணு, இன்னும் எறுகியிருக்காது."

மதுசூதனன் அடிமட்டத்தைக் கையில் எடுத்தார். "சரி. இலக்கத்தைச் சொல்லாதேங்கோ டீச்சர். நான் அளந்துபோட்டுப் பாக்கிறன்."

முதலில் இரண்டாம் அறை. குறிப்பில் இருந்த இடத்தில் கத்தி முனை போனதும் சுண்ணாம்பு உதிர்ந்து, அடைத்த மண் கட்டியாக விழுந்தது. கல்லுக்குக் கல் அளந்தார். நான்கு. கணினியிலும் நான்கு. ஆறாம் அறையில் ஐந்து. அங்கேயும் சரியாக இருந்தது. மதுசூதனன் நிமிர்ந்து, "நல்ல வேலை செய்திருக்கிறீங்கள்," என்றார். சுலோஜனாவுக்கு முகமெல்லாம் பூரித்துப்போனது. மூன்று வருடமாக அவள் அளந்ததன் காரணத்தை இன்றுதான் ஒருவர் புரிந்துகொண்டார். பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளை மாதிரி யோகம்மாவின் அறைக்குள் அவர்களுக்கு முன்னாலேயே நுழைந்தாள்.

யோகம்மா தானே சுரண்டினாள். மண் கனமாக விழுந்தது. "இந்தத் தடவ நெறைய மண்ணு குடிச்சிச்சு," என்று முணுமுணுத்தாள். மதுசூதனன் அடிமட்டத்தை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"பதினாலு."

குறிப்பில் ஒன்பது. இடையில் போனது ஒரேயொரு பெருமழை.

மதுசூதனன் பேனையை எடுத்தார். ஐந்தாம் லயம் முழுவதும் என்று பட்டியலில் எழுதினார். வீடு கட்டி முடியும்வரை மலைப் பக்க அறைக்காரர்களை இன்றைக்கே பள்ளிக்கூட மண்டபத்துக்கு மாற்ற வேண்டும் என்றும், தோட்டத்தை நடத்தும் துரையிடம் தானே பேசுவதாகவும் சொன்னார். சுலோஜனாவுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. பன்னிரண்டு குடும்பமும் தப்பிவிட்டன.

யோகம்மா கத்தியைக் கீழே வைக்கவில்லை. "டீச்சர், மொத மொத நீங்க அளந்தப்ப எத்தன இருந்துச்சு?"

"மூன்று."

"அப்பறம்?"

"போன வருசம் ஆறு. மார்கழியில ஒம்பது."

யோகம்மா சுவரின் அடியைப் பார்த்தாள். அங்கே பாய் விரித்திருந்தது. கடைசிக் குழந்தை அதில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தது, தலைமாட்டில் சுரண்டிய மண் சிதறிக் கிடந்தது.

"வளருதுன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. கம்பியூட்டருக்குத் தெரிஞ்சிருக்கு. காரியாலயத்துக்கும் எழுதியிருக்கீங்க," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இந்தப் புள்ளைய அந்தப் பக்கமாச்சும் படுக்க வச்சிருப்பேனே டீச்சர்."

பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்தேன் என்று சொல்லலாம். அது பொய். சொல்ல வேண்டும் என்று சுலோஜனாவுக்குத் தோன்றவே இல்லை. வெட்கம் தாங்காமல் தலை குனிந்தாள்.

யோகம்மா குனிந்து குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, பாயை உதறிச் சுருட்டினாள். "மத்த பதினோரு வீட்டுக்காரங்களும் வெளியதான் நிக்கிறாங்க," என்றாள். "அவங்கவங்க நம்பர அவங்கவங்ககிட்ட சொல்லிட்டுப் போங்க."