மைத்துனன் டயர் எடுத்த கதை

என் மைத்துனன் எனக்குத் தர வேண்டியது பதினெட்டாயிரத்து நானூறு. பத்தொன்பது என்று முழுதாகச் சொன்னால், மாமா கூட்டிச் சொல்கிறார் என்பான். பதினெட்டு என்றால் நானூறைக் கழித்துவிட்டதாக எடுத்துக்கொள்வான். அதனால் சில்லறையோடுதான் ஞாபகம் வைத்திருந்தேன். ஞாபகம் வைத்துக்கொள்ள மட்டும்தான் எனக்கு அனுமதி. கேட்க அனுமதி இல்லை.

என் மனைவியின் பிறந்த வீட்டில் 'கடன்' என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. 'அந்த விஷயம்' என்பார்கள். "அந்த விஷயம் என்னாச்சு?" என்று அவள் அம்மாவிடம் போனில் கேட்பாள். "அது ஆகும், ஆகும்" என்று பதில் வரும். அதோடு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

"உன் தம்பிகிட்ட நானே ஒரு வார்த்தை கேட்டுடறேனே" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"வாயத் திறந்து கேட்டீங்கன்னா எங்க வீட்டு மானம் போயிடும்."

"உங்க வீட்டு மானம் என் முட்டியிலதான் நிக்குது. வலிக்குது."

அது வெறும் பேச்சில்லை. நான் டயர்க் கடையில் வேலை செய்கிறவன். சக்கரத்தைக் கழற்றவும் மாட்டவும் முட்டி போட்டே எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. கடையில் காரைத் தூக்க லிஃப்ட் இருக்கிறது. நான் குடியிருக்கும் கட்டடத்தில் ஆளைத் தூக்க லிஃப்ட் இல்லை. மூன்றாவது மாடி. இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று, யாருக்கோ போன் பேசுகிற மாதிரி பாவனை செய்து மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவேன். கீழ்த்தளத்தில் இருந்த தையல்காரர் காலி செய்வதாகச் செய்தி வந்ததும், வீட்டு ஓனரிடம் ஓடினேன். ஓடினேன் என்றால் நொண்டினேன். அவர் நல்ல மனுஷர். "உங்களுக்கே தரேன். ஆனா மாசக் கடைசி சனிக்கிழமைக்குள்ள அட்வான்ஸ் பதினெட்டு வெச்சிடுங்க. ஸ்கூட்டர் வெச்சிருக்கிற குடும்பம் ஒண்ணு தினமும் வந்து கேக்குது" என்றார்.

ஆக, எனக்குப் படியேறாத ஒரு வீடு. அதற்கு வேண்டிய பணம் மைத்துனனிடம். அந்தப் பணம் என்ன ஆயிற்று என்று யாரும் தேட வேண்டியதில்லை. சிவப்பு நிறத்தில், இரண்டு கதவோடு, தெருவுக்கே கேட்கும்படி உறுமிக்கொண்டு எங்கள் கடை வாசலுக்கே வரும். அந்த செகண்ட் ஹேண்ட் காரை வாங்கும்போது விலைக்குக் குறைந்த பணத்தை என்னிடம்தான் வாங்கினான். "ரெண்டே வாரம் மாமா" என்றான். எந்த ரெண்டு வாரம் என்று நானும் கேட்கவில்லை.

கார் தரையோடு தரையாக இருக்கும். ஏற வேண்டுமென்றால் முதலில் பின்பக்கத்தை உள்ளே அனுப்பிவிட்டு, பிறகு தலையை மடித்து உள்ளே கொண்டுபோக வேண்டும். இன்சூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தா வேலை அவனுக்கு. வீட்டிலிருந்து ஆபீசுக்கு நடந்தே போகலாம். நடந்தால் சீக்கிரம் போகலாம். வழிநெடுக சிக்னல், வேகத்தடை, பள்ளிக்கூட வாசல். ஆனாலும் தினமும் காரில்தான் போவான். எங்கள் கடையில் பேலன்ஸிங் பார்க்கிறவனுக்கு, நாள் முழுக்க சக்கரத்தில் ஈயத்துண்டு அடிப்பதால் ஈயம் என்று பெயர். அவன் என் மைத்துனனுக்கு ரேஸ் என்று பெயர் வைத்தான். மைத்துனன் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டான்.

ஒருநாள் ரேஸ் வந்து சொன்னான்: "மாமா, டயர் மாத்தணும்."

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. டயர் வாங்க நினைக்கிறவனிடம் பணம் இருக்கிறது. இந்தக் கணக்குக்குப் படிப்பு வேண்டியதில்லை.

"எவ்வளவு வெச்சிருக்க மாப்ளே?"

"நாலும் சேத்து இருபதுக்குள்ள. ஆனா பெர்ஃபார்மன்ஸ் வேணும்."

பழைய டயர்களைக் குனிந்து பார்த்தேன். ரப்பரின் மேல்வரியை நாங்கள் பட்டன் என்போம்; அதில் பாதி தேயாமல் அப்படியே இருந்தது. இன்னும் நன்றாக ஓடும். அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் "அப்ப இன்னொரு நாள் பாக்கலாம் மாமா" என்று பணத்தோடு போய்விடுவான். அந்தப் பணம் அடுத்து ஸ்பீக்கராகவோ ஸ்டிக்கராகவோ மாறிவிடும். அதனால் வேறு திட்டம் போட்டேன். இருப்பதிலேயே மலிவான நாலு டயரை அவன் தலையில் கட்டிவிட்டால் பாதிக்கு மேல் மிஞ்சும். மிஞ்சியதை அவனே மனசு வந்து எடுத்து நீட்டுவான். மனிதனுக்கு ஆசை வந்தால் என்னென்னவோ தோன்றும்.

"இது பாரு. உருண்டையா இருக்கு, கறுப்பா இருக்கு, காத்து நிக்கும். வேற என்ன வேணும்?"

அவன் கத்தரிக்காய் வாங்குகிறவன் மாதிரி ரப்பரை நகத்தால் அழுத்திப் பார்த்தான். "கல்லு மாதிரி இருக்கே மாமா. கிரிப் வராது."

"கல்லு மாதிரி இருந்தாத்தான் தேயாது."

"தேயாததுக்கு கிரிப் கிடையாது. வீடியோல தெளிவா சொல்றான்."

வீடியோவில், தலையில் ஹெல்மெட் மாட்டிய ஒருவன், தண்ணீர் ஊற்றிய மைதானத்தில் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தான். பார்த்த எனக்கே தலை சுற்றியது.

"இவன் ஏண்டா இப்படிச் சுத்தறான்?"

"ஈரத்துல எவ்வளவு பிடிக்குதுன்னு பாக்கறான்."

"நீ எங்க போய்ச் சுத்தப் போற?"

"ஒரு அவசரம்னா மாமா?"

"உன் ஆபீஸ் ரோட்ல அவசரத்துக்கு எங்கடா இடமிருக்கு?"

அன்று எதையும் எடுக்கவில்லை. அடுத்த வாரம் வந்தான், அதற்கடுத்த வாரமும் வந்தான். கழற்றிப் போட்ட டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்துகொண்டு, முதலாளி செலவில் டீ குடித்தபடி, அவனுக்கு வேண்டியதை விளக்கினான். ரப்பர் மெத்தென்று இருக்க வேண்டும், ஆனால் தேயக் கூடாது. திருப்பத்தில் கெட்டியாகப் பிடிக்க வேண்டும், ஆனால் வேகத்தடையில் இடுப்பு நோகக் கூடாது. பார்வைக்கு ரேஸ் கார் மாதிரி இருக்க வேண்டும், ஓடும்போது சத்தம் வரக் கூடாது. மழைக்கும் ஆக வேண்டும், வெயிலுக்கும் ஆக வேண்டும். விலை மட்டும் குறைவாக இருக்க வேண்டும்.

"இவ்வளவும் இருக்கிற டயர் ஒண்ணு வந்துச்சுன்னா, எங்க வீட்லயே பொண்ணு குடுக்கலாம்ண்ணே" என்றான் ஈயம்.

டயரின் ஓரத்தில் ஓர் எழுத்து இருக்கும். எவ்வளவு வேகம் தாங்கும் என்பதற்கு அடையாளம். மைத்துனன் குனிந்து அதைத்தான் முதலில் பார்ப்பான்.

"இது இருநூத்தி நாப்பது வரைக்கும் தாங்கும் மாமா!"

"உன் கார் எவ்வளவு போகும்?"

"மீட்டர்ல இருநூறு போட்டிருக்கு."

"நீ எவ்வளவு போயிருக்க?"

"ஒருதடவ எண்பது. அன்னைக்குப் பாத்து அக்கா பின்னாடி உக்காந்திருந்தா. கத்திட்டா."

முதலாளிக்கு இந்த நாடகம் பிடித்துப் போயிற்று. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உன் மச்சானாமே! அந்த மலிவுச் சரக்கைக் காட்டி ஏன்யா அவர் நேரத்தக் கெடுக்கற? பத்தொன்பது சொச்சத்துக்கு ஒரு செட் வந்திருக்கு பாரு, அதைக் காட்டு. உனக்கு இருநூறு தனியா."

காட்ட மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் கூட ஆகியிருக்காது. ஆனால் சொல்லவில்லை. முதலாளியிடம் மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லை. காட்டினேன்.

மைத்துனன் பார்த்தான், நகத்தால் அழுத்தினான், முகர்ந்து கூடப் பார்த்தான். போனை எடுத்து அந்த டயரைப் பற்றி யாரோ எழுதியதை எல்லாம் படித்தான். கண் கலங்காத குறை. "இதுதான் மாமா. விலைக்கு ஏத்த பெர்ஃபார்மன்ஸ். நாலும் பத்தொன்பதாயிரத்து இருநூறு. சனிக்கிழமை ரொக்கமா கொண்டு வரேன்."

சனிக்கிழமை என்றால் வீட்டு ஓனர் சொன்ன சனிக்கிழமை. என் கீழ்த்தளம் நாலு வட்டமாக உருண்டு போவதைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன்.

வீட்டில் மனைவியிடம் விவரத்தைச் சொன்னேன். அவள் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த சட்டையைத் தப்பாக மடித்தாள்.

"நான் எதையும் கேக்கப் போறதில்ல. உங்க வீட்டு மானம் பத்திரமா இருக்கும்" என்றேன்.

"சும்மா குத்திக் காட்டாதீங்க" என்றாள்.

சனிக்கிழமை காலை சிவப்புக் கார் லிஃப்டில் ஏறியது. நாலு சக்கரத்தையும் கழற்றினேன். பழைய டயர்களை ரிம்மிலிருந்து பிரித்துப் போட்டேன். மைத்துனன் ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்தான். எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. புது டயர் ரிம்மில் ஏறும் முன்பே காசு கைக்கு வந்துவிட வேண்டும். ஏறி இறங்கினால் அது பழைய டயர், யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் கார் அந்தரத்தில் காலில்லாமல் நிற்கும் அந்த நேரத்தில்தான் முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வருவார். வாடிக்கையாளர் எங்கும் ஓட முடியாது.

மைத்துனன் பையிலிருந்து நோட்டுக்கட்டை எடுத்தான். முதலாளி கையை நீட்டினார்.

"தம்பி."

வாசலில் என் மனைவி நின்றாள். வேகமாக நடந்து வந்திருக்கிறாள், முகமெல்லாம் வியர்வை. "ஸ்கூட்டர்க்காரங்க பணத்தோட வந்து ஓனர் வீட்ல உக்காந்திருக்காங்க" என்று என்னிடம் சொன்னாள். பிறகு தம்பி பக்கம் திரும்பினாள். "என்னடா இது?"

"டயர்க்கா. பெர்ஃபார்மன்ஸ் டயர்."

"கடனைக் குடுடா."

ஈயத்தின் சுத்தியல் நின்றது. மைத்துனன் கெட்ட வார்த்தை கேட்டவன் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தான். அந்த வீட்டில் அந்தச் சொல்லை முதன்முதலாகச் சொன்னவள் அவளாகத்தான் இருக்கும்.

"அக்கா, நாலு பேர் முன்னாடி..."

"நாலு பேர் முன்னாடிதான் கேக்கணும். தனியா கேட்டா சிரிச்சிட்டுப் போயிடுவ. வண்டிக்கு இன்னைக்குத்தான் சக்கரம் இல்ல."

"இல்லக்கா, இதுல மாமாவுக்கே கமிஷன் வருதாம், ஈயம் சொன்னான். அதையும் கழிச்சுப் பாக்கணும்ல?"

அவள் என்னைப் பார்த்தாள். "எவ்வளவு?"

"இருநூறு" என்றேன்.

"இருநூறுக்கு நீங்களும் கூட்டா?" என்று கேட்ட அந்தப் பார்வையில் என் முட்டி வலி கூட ஒரு நிமிஷம் அடங்கிவிட்டது.

முதலாளி இடையில் புகுந்தார். "அம்மா, குடும்ப விஷயத்த வீட்ல பேசிக்கலாமே. டயரை இறக்கியாச்சு."

"இறக்கினத ஏத்திட்டாப் போச்சு."

"அக்கா, மழையில பிரேக் பிடிக்கலைன்னா? இது உயிர் விஷயம்!" மைத்துனன் கடைசி அஸ்திரத்தை விட்டான். முதலாளியும் "ஆமாம்மா, உயிர் விஷயம்" என்றார். அவர் விற்கும் எல்லாமே உயிர் விஷயம்தான், வால்வு மூடி உட்பட.

என் மனைவி என்னிடம் கேட்டாள்: "பழைய டயர் ஓடுமா ஓடாதா? நெஜத்த சொல்லுங்க."

ஒரு பக்கம் முதலாளி முறைத்தார். இன்னொரு பக்கம் மைத்துனன் கண்ணால் கெஞ்சினான்.

"இன்னும் ஒரு வருஷம் தாராளமா ஓடும்" என்றேன். அது உண்மையாகவும் இருந்தது என் அதிர்ஷ்டம்.

"மாமா! இத முதல்லயே சொல்லலையே?"

"நீ கேக்கலையே மாப்ளே. கிரிப்பத்தான கேட்ட."

அவன் புது டயர்களை ஒரு பார்வை பார்த்தான். மணப்பந்தலில் பெண் மாறிப்போனவன் கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டான். பிறகு நோட்டுக்கட்டை அக்காவிடம் நீட்டினான். அவள் எச்சில் தொட்டு எண்ணி, பதினெட்டாயிரத்து நானூறை எடுத்துக்கொண்டு மீதியை அவன் கையில் திணித்தாள். "சாப்பிட வீட்டுக்கு வா" என்றாள், கோபமாகவே. பணத்தை இடுப்பில் செருகிக்கொண்டு ஓனர் வீட்டுப் பக்கம் போனாள். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. ஸ்கூட்டர்க் குடும்பம் எழுந்து போய்விட்டதாம், தையல்காரர் திங்கட்கிழமை சாவி தருகிறாராம்.

முதலாளி நஷ்டப்படுகிற ஆளா? கழற்றி மாட்டிய கூலி சக்கரத்துக்கு இருநூறு என்று சொல்லி, மைத்துனன் கையில் இருந்த எண்ணூறையும் வாங்கிக் கல்லாவில் போட்டார். கழற்றியவனும் மாட்டியவனும் நான். என் கமிஷனைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

பழைய டயர்களை மாட்டி, காரை இறக்கினேன். மைத்துனன் பாவம், வெறும் கையோடு அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"மாமா, காத்தாவது நைட்ரஜன் அடிச்சு விடுங்களேன். ஸ்டேபிலிட்டி நல்லா இருக்குமாம். காசு அடுத்த வாரம் தந்துடறேன்."

நாலு சக்கரத்துக்கும் அடித்துவிட்டேன். நூற்று அறுபது ஆயிற்று. முதலாளி அதை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாகச் சொன்னார். சிவப்புக் கார் உறுமிக்கொண்டு கிளம்பி, முதல் சிக்னலிலேயே நின்றது.

அந்த நூற்று அறுபதை நான் அங்கேயே தள்ளுபடி செய்துவிட்டேன்.