அந்தப் பக்கத்துக் கோல்

கார்விக் திசில் கால்பந்து அணிக்கு முந்நூறு ரசிகர்கள் இருந்தால் அதிகம். இடைவேளை விசில் ஊதியதும் முந்நூறு பேரும் மைதானத்தைச் சுற்றி நடந்து, எங்கள் ஆட்கள் அடுத்து எந்தக் கோலைத் தாக்குவார்களோ அதன் பின்னால் போய் நிற்போம். எதிரணி ஊர்க்காரர்கள் அங்கிருந்து எங்கள் பக்கத்துக்கு வருவார்கள். வழியில் 'பை' என்ற இறைச்சிப் பண்டம் விற்கும் ஜன்னலருகே இரண்டு கூட்டமும் உரசிக்கொண்டு, நாலு கேலி பேசிக் கடந்துபோகும். நானும் என் கணவர் ஃபெர்கஸும் முப்பத்தொரு வருடம் இப்படி நடந்தோம். கோல் விழுவதை எட்ட நின்று பார்ப்பவன் ரசிகனே இல்லை என்பது அவர் கட்சி.

போன வருடம் ஆகஸ்ட்டில் சீசன் தொடங்கியபோதே அவருக்கு மூச்சு வாங்கியது. கருங்கல் குவாரியில் இருபது வருடம் தின்ற தூசி. அடுத்த கோடையைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். "அதுக்குள்ள சீசன் முடிஞ்சிடும், பரவாயில்ல" என்றார் ஃபெர்கஸ். எனக்கு அவரை அறையலாம் போலிருந்தது.

அக்டோபரில் அந்த நடையில் மூலைக்கொடி அருகே ஒருமுறை மூச்சு வாங்க நின்றார். டிசம்பரில் மூன்று முறை. ஜனவரியில் முப்பத்தைந்தாவது நிமிடமே கிளம்பினால்தான் இரண்டாம் பாதிக்குப் போய்ச் சேர முடிந்தது.

"என்ன பெருசு, அதுக்குள்ள ஓட்டமா?" என்பான் பை விற்கும் டாம்.

"உன் பையைத் தின்னதுலேர்ந்து நடக்கவே முடியலடா, எங்க ஓடறது?" என்பார் இவர்.

பிப்ரவரியில் நாங்கள் பட்டியலின் அடியில் கிடந்தோம். அங்கேயே முடித்தால் லீக்கை விட்டே போக வேண்டி வரலாம். அந்த மாதம் ஒரு மேட்சில் நானும் அவரும் நடந்துகொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் எங்கள் அணி கோல் போட்டது. ஏழு வாரத்தில் முதல் கோல். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"உன்கூட நடந்து நடந்து நான் பாதி மேட்ச் வேலியைத்தான் பார்க்கறேன்."

அடுத்த மேட்சில் இடைவேளை விசில் ஊதியும் ஃபெர்கஸ் நகரவில்லை.

"நீ போ மொராக். நான் இங்கயே நிக்கறேன். இங்கேர்ந்தே நல்லாத்தான் தெரியுது."

"அந்த ஊர்க்காரங்க நடுவுலயா?"

"என்ன, கடிச்சுத் தின்னவா போறாங்க? போ, கிழவி."

போனேன். போயிருக்கக் கூடாது. அதற்குப் பிறகு எல்லா மேட்சும் அப்படியே ஆனது.

ஏப்ரல் கடைசியில் ஆர்ட்மோர் அணியுடன் சீசனின் கடைசி மேட்ச். ஜெயித்தால் தப்பிப்போம். எண்பதாவது நிமிடத்தில் நான் நின்ற கோலுக்குள் பந்து போனது. யார் யாரையோ கட்டிப்பிடித்தேன். பிறகு எதிர்முனையைப் பார்த்தேன். ஆர்ட்மோர்க்காரர்களின் சிவப்புக்கு நடுவில் எங்கள் அணியின் நீலக் கழுத்துத் துண்டு ஒன்றே ஒன்று மேலே உயர்ந்திருந்தது.

பஸ்ஸில் கேட்டேன். "கோலைப் பார்த்தியா?"

"பின்ன? நம்ம கெர் தலையால முட்டினான், இடது கம்பத்துல பட்டு உள்ள போச்சு."

அப்படியேதான் நடந்திருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர் ஜூனில் போய்விட்டார். வேலியைப் பற்றிச் சொன்ன அந்த ஒரு பேச்சுக்கு மன்னிப்புக் கேட்க எனக்கு நான்கு மாதம் இருந்தது. நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட்டில் மறுபடி ஆர்ட்மோர் வந்தது. இடைவேளையில் எல்லோரும் நடந்தார்கள், நான் அவர் நின்ற இடத்திலேயே நின்றேன். இரண்டாம் பாதி தொடங்கியதும், கழுத்தில் பைனாகுலர் தொங்க, சிவப்புத் துண்டு போட்ட ஒருவர் பக்கத்தில் வந்தார்.

"போன தடவை இங்க ஒரு பெரியவர் நின்னாரே, நீலத் துண்டு?"

"என் வீட்டுக்காரர். ஜூன்ல தவறிட்டார்."

அவர் எல்லா மேட்சுக்கும் நான் போட்டு வரும் மஞ்சள் கம்பளித் தொப்பியைப் பார்த்தார்.

"அன்னிக்கு இந்த பைனாகுலரைக் கேட்டு வாங்கினார்மா. ரெண்டாவது பாதி முழுக்கத் திருப்பியே தரல. கோல் விழுந்ததும், 'யார் போட்டா, எப்படிப் போச்சு'ன்னு என்கிட்டயே கேட்கறார். 'கண்ணுல வெச்சிருந்தது நீங்கதானே'ன்னேன். 'நான் கோலைப் பார்க்கலப்பா, பின்னாடி மஞ்சத் தொப்பி போட்டுக்கிட்டு ஒருத்தி குதிக்கிறா பாரு, அவளைப் பார்த்துட்டிருந்தேன். திரும்பிப் போனா கேட்பா. ஒழுங்காச் சொல்லு'ன்னார்."

அந்தத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். கண் கலங்கி மைதானமே தெரியவில்லை. அதே நேரத்தில் எதிர்முனையில் எங்கள் கூட்டம் கத்தியது.

"யார் போட்டது?" என்று கேட்டேன்.

"உங்க ஆளு, ஒன்பதாம் நம்பர்" என்றார் அவர் வருத்தத்தோடு. "எங்க கோல்கீப்பர் காலுக்கு நடுவுல விட்டுட்டான்."

ஒன்பதாம் நம்பர், கோல்கீப்பர் காலுக்கு நடுவில். மறக்காமல் மனதில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. யாரும் கேட்கவில்லை.