கரிநாக்கு நோரீன்

வாரிங்கா என்கிற அந்தச் சின்ன ஊரில் ஒவ்வொரு கெட்ட நேரத்துக்கும் தனிச் சொல் உண்டு. நன்றாக ஆடிக்கொண்டிருப்பவள் கூட்டாளியின் தப்பால் ரன் அவுட் ஆனால் 'ஸ்டிஃப்'. ஒரே மைதானத்தில் வருஷக்கணக்காகத் தோற்றால் 'ஹூடூ'. ஒருத்தி வந்து நின்றாலே காரியம் கெட்டால் அவள் 'ஜிங்க்ஸ்'. ஜெயிக்கப்போகிறோம் என்று வாய்விட்டுச் சொல்லியே கெடுத்துவிட்டால் அதற்குப் பெயர் 'மோஸ்'. நாம் கரிநாக்கு என்கிறோமே, அதுதான்.

நோரீன் ஹாட்ரிக்குக்கு அந்தக் கடைசிச் சொல் பெயராகவே ஒட்டிக்கொண்டது.

கோதுமைக் கிடங்கில் லாரிகளை எடை போடுகிறவள் அவள். நாற்பத்தாறு வயது. ஊர்ப் பெண்கள் கிரிக்கெட் அணிக்கு ஸ்கோர் எழுதுவாள், பயிற்சியில் அலுக்காமல் பந்து வீசிக் கொடுப்பாள். நான்கு வருஷத்துக்கு முன்னால் மின்டில் அணியோடு இறுதி ஆட்டம். கை நிறைய விக்கெட் இருந்தது. "இனிமே நாம தோக்கணும்னா வானம் இடிஞ்சு விழணும்" என்றாள் நோரீன். அடுத்த ஆறு ஓவரில் ஏழு பேர் அவுட். அதற்கப்புறம் இரண்டு இறுதி ஆட்டங்களில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவையும் தோல்விதான்.

இந்த வருஷமும் அதே மின்டில். முதல் நாள் அணித் தலைவி கெரின் கிடங்குக்கே வந்தாள்.

"தப்பா எடுத்துக்காத நோரீன். பொண்ணுங்க பயப்படுறாங்க. நாளைக்கு நீ வேலிக்கு வெளியிலயே..."

"கார்லயே உக்காந்துக்குறேன். கண்ணாடியக்கூட இறக்க மாட்டேன், போதுமா?" என்று சிரித்தாள் நோரீன். கெரின் போனபின் எடைமேடைக் கூண்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

மறுநாள் டாஸ் போடப் பத்து நிமிஷம் இருக்கையில் ஆட்டக்காரி லோர்னாவிடமிருந்து போன் வந்தது. வேலி அறுந்து மாடெல்லாம் நெடுஞ்சாலையில் நிற்கின்றன, அவளால் வர முடியாது. பத்துப் பேர்தான் இருந்தார்கள். பந்து வீசிக் கொடுக்கிறவள் என்பதால் காப்பீட்டுக்காக நோரீன் பெயரும் ஆட்டக்காரிகள் பட்டியலில் இருந்தது. கெரின் புல்வெளியைத் தாண்டி ஓடி வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"இறங்கு. நீதான் பதினொண்ணாவது."

"உனக்கென்ன பைத்தியமா?"

"ஆமா. சீக்கிரம் இறங்கு."

பந்தே வராத மூலையாகப் பார்த்து அவளை நிறுத்தினார்கள். அங்கேயும் ஒரு பந்து உயரே எழும்பி வந்தது; பிடித்துவிட்டாள். கைதட்டக்கூட எல்லோருக்கும் பயமாக இருந்தது. மின்டில் நூற்று அறுபத்து மூன்று எடுத்தது.

வாரிங்கா நன்றாகத் தொடங்கி, வழக்கம்போல் சரிந்தது. ஒன்பதாவது விக்கெட் விழுந்தபோது இரண்டு ஓவரில் பன்னிரண்டு ரன் வேண்டும். அணிப் பையில் கிடந்த லோர்னாவின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நோரீன் இறங்கினாள். எதிர்முனையில் கெரின்.

"நீ ஓடினா போதும். பேசாத" என்றாள் கெரின்.

அந்த ஓவரில் கெரினே ஆறு ரன் எடுத்தாள். கடைசி ஓவரிலும் முதலில் இரண்டு. அடுத்த பந்து வீண். மூன்றாவதைத் தட்டிவிட்டு ஓடியே ஆகவேண்டியிருந்தது. ஒரு ரன். இன்னும் மூன்று பந்து, மூன்று ரன். பேட் பிடித்து நிற்பது நோரீன்.

முதல் பந்து மட்டையைத் தாண்டிப் போனது. இரண்டாவது தொடையில் அடித்தது. மின்டிலின் விக்கெட் கீப்பர் ஷெரில் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

"என்ன மோஸ், ஊமையாயிட்டியா? ஏதாவது சொல்லேன். உன் வாய்க்காகத்தான் நாங்க காத்துக்கிட்டிருக்கோம்!"

களத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நோரீன் நிமிர்ந்தாள். நான்கு வருஷமாக அடக்கி வைத்திருந்தது நெஞ்சில் முட்டியது. கூடவே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. இந்தப் பந்துவீச்சுக்காரியின் ஒவ்வொரு பந்தையும் இத்தனை வருஷமாக ஸ்கோர் புத்தகத்தில் எழுதியவள் அவள். களைத்துவிட்டால் கடைசிப் பந்தை இவள் காலுக்குத்தான் போடுவாள்.

"சொல்லவா?" என்றாள் உரக்க. "நாங்க ஜெயிக்கப்போறோம்!"

"ஐயோ, வாய மூடுடி!" என்று கெரின் தலையில் கைவைத்தாள். வேலியோரம் எல்லோரும் முனகினார்கள்.

"நல்லாக் கேட்டுக்குங்க! இந்தப் பந்துலயே ஜெயிக்கப்போறோம்!"

பந்து காலுக்கே வந்தது. நோரீன் ஒரு காலை விலக்கி, கோதுமை மூட்டையைத் தூக்கிப் போடுகிற வேகத்தில் சுழற்றினாள். பந்து ஷெரிலின் சிரிப்பை, ஓடி வந்த இரண்டு பேரை, வெள்ளை எல்லைக்கோட்டை, எல்லாவற்றையும் தாண்டிப் போய், நிறுத்தியிருந்த கார்களின் அடியில் புகுந்தது.

ஒரு கணம் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. நடுவர் கையை வீசி நான்கு என்று காட்டியதும் கெரின் மட்டையை எறிந்துவிட்டு ஓடி வந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இருவரும் புல்லில் விழுந்தார்கள். மேலே ஒன்பது பேர் வந்து விழுந்தார்கள்.

"மூச்சு முட்டுது, எந்திரிங்கடி!" என்று அடியிலிருந்து கத்தினாள் நோரீன். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் கோப்பையோடு திரும்பும்போது, திறந்த வண்டியின் பின்னால் கால் பேடைக்கூட அவிழ்க்காமல் நின்றுகொண்டிருந்தாள் அவள். கடைத்தெரு நெடுக ஹாரன் அடித்துக்கொண்டே போனார்கள். கடை வாசல்களில் நின்றவர்களைப் பார்த்து நோரீன் இரண்டு கையையும் உயர்த்தினாள்.