சுபேதாருக்கு ஒரு கொய்யாக் கிளை

நான் இசக்கிராஜா. ராணுவத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். எங்கள் வீட்டில் காக்கட்டீல் என்கிற சின்னக் கிளி ஜாதிப் பறவை ஒன்று உண்டு. சாம்பல் உடம்பு, மஞ்சள் தலை, கன்னத்தில் ரெண்டு ஆரஞ்சுப் பொட்டு, கோபம் வந்தால் விறைத்து நிற்கும் கொண்டை. சுபேதார் என்று பேர் வைத்தேன். ஹவில்தாருக்கு மேலே வீட்டில் ஒரு அதிகாரி வேண்டாமா என்றால், "அதான் நான் இருக்கேனே" என்பாள் என் மனைவி மாடத்தி. அதுவும் சரிதான்.

இலத்தூரில் எனக்கு மரியாதை கொடுக்கிற ஒரே ஜீவன் சுபேதார். காலையில் என்னைப் பார்த்ததும் விசில் அடிக்கும். ஒருநாள் அந்த விசில் வரவில்லை. போய்ப் பார்த்தால் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பாதத்துக்கு அடியில் சிவப்பாகப் புண்.

என் மகள் உமாராணி ஆலங்குளத்தில் அரசாங்க ஆபீஸில் வேலை பார்க்கிறாள். அவள்தான் எங்களைத் தென்காசிக்கு, டாக்டர் விஜயசங்கரிடம் கூட்டிப் போனாள். சின்ன வயசுக்காரர். மாசாமாசம் சுபேதாருக்கு நகம் வெட்ட உமாதான் அவரிடம் கொண்டுபோவாள். அந்த ஒரு விஷயத்தில் அவளுக்கு அப்படியொரு பொறுப்பு.

"கூண்டுல இருக்கது வழுவழுன்னு பிளாஸ்டிக் குச்சி. எங்க பிடிச்சாலும் ஒரே தடிமன். பாரம் பூரா பாதத்துல ஒரே இடத்துல விழுது" என்றார் டாக்டர். "அதைத் தூக்கிப் போட்டுட்டு ஒரு கொய்யாக் கிளை வைங்க சார். ஒரு இடம் தடியா, ஒரு இடம் ஒல்லியா இருக்கணும்."

"வீட்டுல அரளி நிக்கி. அதுல வெட்டலாமா?"

"அரளி விஷம் சார். அதை வச்சா மறுநாள் சுபேதாருக்கு மாலைதான்."

பூச்சிமருந்து அடிக்காத மரமாக இருக்க வேண்டும், சோப்புப் போடாமல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும், நாலு நாள் வெயிலில் காய வேண்டும் என்றார். பத்துப் பன்னிரண்டு நாளைக்குள் மாற்றாவிட்டால் புண் உள்ளே இறங்கிவிடும், அப்புறம் நிற்கவே முடியாது என்றும் சொன்னார். உமா எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்த பிறகும் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறந்துவிடக் கூடாது என்பதற்காக இருக்கும் என்று நினைத்தேன்.

ஐந்தருவிப் பக்கம் என் சிநேகிதன் நாறும்பூநாதனுக்குத் தோப்பு இருக்கிறது. "மரத்துக்கு மருந்து அடிச்சியாலே?" என்று கேட்டேன்.

"என் மூட்டுவலிக்கு மருந்து வாங்கித்தர ஆளில்ல. மரத்துக்கு எவன் அடிக்கான்?" என்றான். ஆறடி நீளத்துக்கு வளைவும் முண்டுமாக ஒரு கிளையை வெட்டித் தந்தான்.

அருவிக்குக் கீழே ஓடுகிற தண்ணீரில் உட்கார்ந்து பிரஷ் போட்டுத் தேய்த்தேன். சீசன் கூட்டம். ஈரத் துண்டோடு ஒருத்தர் பக்கத்தில் வந்து, "சாமி, இது என்ன வேண்டுதல்?" என்று பயபக்தியாகக் கேட்டார்.

"பறவைக்கு" என்றேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்தபிறகு என் சொந்த மூளையைக் கொஞ்சம் உபயோகித்தேன். அங்கேதான் வினை. கிருமி சாகட்டும் என்று கிளை முழுக்க மஞ்சள் பூசினேன். நுனியில் ஒரு கொத்து இலையை மட்டும் வெட்டாமல் விட்டேன். இலை சருகானால் கிளையும் காய்ந்துவிட்டது என்று கணக்கு. சாரல் மாசத்தில் எங்கள் வாசலில் வெயில் விழுவது வடகிழக்கு மூலையில் மட்டும்தான். அங்கே குழி தோண்டிக் கிளையை நட்டுவிட்டுப் போய்ப் படுத்தேன்.

குலவைச் சத்தம் கேட்டு விழித்தேன். வாசலில் ஏழெட்டுப் பொம்பளைகள். கிளைக்குக் குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சுற்றியாகிவிட்டது. நடுவில் அடுத்த வீட்டு வள்ளித்தாய் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"பக்கத்து வீட்டுக்காரி செத்தா போயிட்டேன் அண்ணாச்சி? ஒரு வார்த்தை சொல்லாம உமாவுக்குப் பந்தக்கால் நட்டுட்டியளே!"

"அது பந்தக்கால் இல்ல தாயி. சுபேதார் உக்காருததுக்கு."

"ஈசான மூலையில, மஞ்சப் பூசி, இலையோட, அருவித் தண்ணியில குளிப்பாட்டிக் கொண்டாந்தது குருவிக்கா? யாரு காதுல பூச்சுத்துதிய?"

எனக்குக் கோபம் வந்தது. விறுவிறுவென்று போய்க் கிளையைப் பிடுங்கக் கை வைத்தேன். வீட்டுக்குள்ளிருந்து மாடத்தி போட்ட சத்தத்தில் கை தானாக விலகியது.

"தொடாதிய! நட்ட கால கல்யாணம் முடியாமப் பிடுங்குனா பொண்ணுக்கு ஆகாது!"

அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். அவளுடைய அண்ணன் மகன் மாடனுக்கு உமாவைக் கொடுக்க வேண்டும் என்று ரெண்டு வருஷமாக ஒற்றைக்காலில் நிற்கிறாள். உமா பிடிகொடுக்கவில்லை. நானும் மச்சினனுக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. சீனா எல்லையில் நின்றிருக்கிறேன், மச்சினனுக்கு முன்னால் நிற்க எனக்குத் தைரியம் கிடையாது. இப்போது நானே மனசு மாறிக் கால் நட்டுவிட்டதாக மாடத்தி முடிவு செய்துவிட்டாள். வள்ளித்தாய் அதற்குள் ஆலங்குளத்துக்குப் போன் போட்டு உமாவுக்கு வாழ்த்துச் சொல்லியிருந்தாள்.

மத்தியானம் ரெண்டு மணிக்கு உமாவின் ஸ்கூட்டி வந்து நின்றது. பின்னால் டாக்டர் விஜயசங்கர், ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து உட்கார்ந்திருந்தார்.

"யாரைக் கேட்டுப்பா கால் நட்டிய?" உமாவின் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "எனக்கு மாப்பிள்ளை நானே பாத்தாச்சு. இந்தா இருக்காரு. இவரத் தவிர வேற யாருக்கும் கழுத்த நீட்ட மாட்டேன்."

டாக்டர் மெதுவாக இறங்கி, கிளைக்குப் பக்கத்தில் வந்து மோந்து பார்த்தார்.

"சார், மஞ்சள் நான் சொல்லலையே" என்றார்.

சுபேதாருக்கு மாசாமாசம் அவ்வளவு நகம் எங்கே வளர்ந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"கடை மஞ்சள்ல என்னத்தக் கலந்திருப்பானோ. நல்லாக் கழுவிட்டு மறுபடியும் காய வைக்கணும் சார்" என்று சொல்லி, டாக்டர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு பக்கெட்டில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தார். மாப்பிள்ளையே காலுக்குத் தண்ணீர் விடுகிறார் என்று பொம்பளைகள் இன்னும் பலமாகக் குலவை போட்டார்கள்.

மாடத்தி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "எங்க அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? கால் நின்னது நின்னதுதான். எங்க மாடனே கட்டட்டும்!"

உமா என்னைப் பார்த்தாள். சின்னப் பிள்ளையில் ஊசி போடக் கூட்டிப் போனால் இப்படித்தான் பார்ப்பாள்.

"டாக்டரே, சுபேதார் எத்தனை நாள் தாங்கும்?"

"பத்து நாள் சார்."

"வள்ளித்தாயி, ஆடி எப்பப் பிறக்கு?"

"இன்னும் பதினோரு நாள்ல, அண்ணாச்சி. விட்டா இனி ஆவணிதான்."

"ஏட்டி மாடத்தி, உன் அண்ணன் மகன் எங்க இருக்கான்?"

"போலீஸ் ட்ரெய்னிங்ல."

"லீவு எப்பக் கிடைக்கும்?"

அவள் முனகினாள். "ஆவணியில."

வாழ்க்கையில் முதல்முறையாக என் பொண்டாட்டி முன்னால் பரேடு குரலில் பேசினேன். "கல்யாணம் முடியாமக் கால பிடுங்கக் கூடாதுன்னு சொன்னது நீ. பத்து நாளைக்குள்ள பிடுங்கலைன்னா சுபேதார் நொண்டியாப் போயிரும். ஆவணி வரைக்கும் அந்த உசிரு தாங்காது. மாடனுக்கு லீவு இல்ல. லீவு போட்டு வந்து நிக்கது இந்த டாக்டர் ஒருத்தர்தான். இதுக்கு மேல நான் என்னட்டி செய்ய?"

மாடத்தி யோசித்துப் பார்த்தாள். அவளுக்கும் சுபேதார் என்றால் உயிர்தான், வெளியே சொல்ல மாட்டாள். "எங்க அண்ணன்ட்ட நீங்கதான் பேசணும்" என்றாள். நான் பேசினேன். பறவையின் புண்ணைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியதில் மச்சினன் சலித்துப்போய், "என்னமும் செஞ்சு தொலையும் மச்சான்" என்று போனை வைத்துவிட்டான்.

ஒன்பதாம் நாள் கல்யாணம். பந்தலில் ஒருத்தர் பாக்கியில்லாமல், குருவிக் காலுக்காகப் பொண்ணைக் கட்டிக்கொடுத்த கிறுக்கன் என்று என்னைச் சொன்னார்கள். மறுநாள் காலையில் ஊர் முறைப்படி பந்தக்காலைப் பிடுங்கினோம். கூண்டில் கட்டும் அளவுக்கு மாப்பிள்ளையே அதை வெட்டிக் கொடுத்தார். உமா பட்டுச்சேலையோடு கிளையை வாங்கிக்கொண்டு, "ஏன்ப்பா, ஓய்வு வேணும்னு ஒன்பது நாளா யாருக்கும் கூண்டைக் கண்ணுலயே காட்டலையே?" என்றபடி பின்கட்டுக்குப் போனாள். நான் தடுப்பதற்குள் கதவைத் திறந்துவிட்டாள்.

ஜன்னலோரக் கூண்டில் சுபேதார் ரெண்டு காலையும் ஊன்றி நின்று, தன் கொய்யாக் கிளையின் பட்டையைக் கொறித்துக்கொண்டிருந்தது. பாதத்துப் புண் பாதி ஆறியிருந்தது. என்னைப் பார்த்ததும் நீளமாக ஒரு விசில் அடித்தது.

உமா கையிலிருந்த கிளையைப் பார்த்தாள். கூண்டுக்குள் இருந்த கிளையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"இத எப்பப்பா வச்சிய?"

"நீ ஸ்கூட்டியில வந்தேல்லா, அதுக்கு மறுநாள் நாறும்பூநாதன்ட்ட வெட்டிட்டு வந்தேன். மாடியில நாலு நாள் நல்ல வெயிலு" என்றேன். "உங்க அம்மைட்ட சொல்லிராத."