பேரில்லாத யூர்ட்

முன்னால் போன ஒட்டகத்தின் மணி டொண் டொண்ணென்று ஆட, செனெம் பாதித் தூக்கத்தில் நடந்துகொண்டிருந்தாள். வசந்தம் பிறந்தால் கடலோரத்திலிருந்து வெள்ளாடுகளோடு டாரஸ் மலை ஏறிப் பழகிய கால்கள். கண்ணை மூடினாலும் அதுபாட்டுக்குப் போகும். தேவதாரு வாசம் வந்ததும் அவள் கண்ணைத் திறந்தாள். அந்த யூர்ட் வரப்போகிறது.

யூர்ட் என்றால் கூடாரம் என்று நினைத்துக்கொண்டு வருகிற டவுன்காரர்களைப் பார்த்தால் எங்கள் ஆட்களுக்குச் சிரிப்புதான் வரும். கூடாரத்தைத்தான் சுருட்டி ஒட்டகத்தில் ஏற்றிவிடுகிறோமே! கூடாரம் போன பிறகும் போகாமல் கிடக்கிறதே, கரிபிடித்த அடுப்புக்கல், ஆட்டுப்புழுக்கை, ஆள் படுத்த இடத்தில் அமுங்கிய புல், அதுதான் யூர்ட். அங்கே பிறந்தவர் பேரோ செத்தவர் பேரோ அதற்கு ஒட்டிக்கொள்ளும். கிறுக்கன் மெமிஷ் யூர்ட், கெஸ்பான் யூர்ட் என்று மலை முழுக்க ஆட்கள்தான்.

செனெமின் யூர்ட்டுக்கு மட்டும் பேரில்லை. அவள் பெற்ற ஒரே பெண் அங்கேதான் பிறந்தது, விடியுமுன்னே போய்விட்டது. பிறந்த பிள்ளையின் காதில் மூன்று தரம் பேர் சொல்லவேண்டும். அதற்கே நேரமில்லாமல் போனதை என்ன சொல்லிக் கூப்பிட்டு அழுவது? புருஷன் துர்முஷ் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு தேவதாருவுக்குப் பின்னால் போனான், வெறுங்கையோடு வந்தான். பிறகு அதைப்பற்றி வாயே திறந்ததில்லை. கல்நெஞ்சன். வருஷா வருஷம் அங்கே ஒரு ராத்திரி தங்கும்போது, தன் பக்கத்தில் புல் இன்னொரு சின்ன இடத்திலும் அமுங்கியிருப்பதுபோல் அவளுக்குத் தோன்றும். அந்த ஒரு ராத்திரிக்காகத்தான் அவள் வருஷம் முழுக்க நடந்தாள்.

வளைவில் வனக்காவலன் ஜீப்பை நிறுத்திவிட்டு நின்றான். அரும்பு மீசை.

"அண்ணே, இங்க இனிமே தங்கக் கூடாது. புதுசா கன்னு நட்டிருக்கு. பேர் இருக்கற பழைய யூர்ட்டுன்னா ஒரு ராத்திரி விடச் சொல்லியிருக்காங்க. இல்லன்னா நேரா கணவாயைத் தாண்டிடுங்க."

செனெம் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். 'சரி தம்பி'ன்னு தலையாட்டிடுவார், எதுக்குத்தான் வாய் திறந்திருக்கிறார் இந்த மனுஷன்?

"பேர் இருக்குப்பா," என்றான் துர்முஷ்.

"என்ன பேரு?"

அவன் ஒட்டகக் கயிற்றைக் கையில் சுற்றினான், அவிழ்த்தான். "துர்னா யூர்ட்டு."

"கேள்விப்பட்டதே இல்லையே. யாரு துர்னா?"

"எங்க மக."

காவலன் செனெமின் முகத்தைப் பார்த்தான். பிறகு ஓரமாக ஒதுங்கினான். "காலைல கெளம்பிடணும், அண்ணே. நெருப்பு பத்திரம்."

கொஞ்ச தூரம் போனதும் அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எப்ப வச்சீங்க?"

"தூக்கிட்டுப் போறப்போ. காதுல."

"மூணு தரமா?"

"மூணு தரமும்."

"எங்கிட்ட சொல்ல என்ன கேடு உங்களுக்கு?"

"நீ அழுவியேன்னு..."

"பாவி மனுஷா! கூப்பிட ஒரு பேரில்லாமத்தானேய்யா இத்தனை வருஷமா அழுதுக்கிட்டிருக்கேன்!"

அவன் ஒட்டகத்தின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டான்.

யூர்ட்டை அடையும்போது வெயில் மஞ்சளாகியிருந்தது. துர்முஷ் கூடாரக் கம்புகளை இறக்கினான். செனெம் அடுப்புக்கல் மேலிருந்த சருகைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள். யாரையோ சாப்பிடக் கூப்பிடுவதுபோல், வாய்க்கு இருபுறமும் கையை வைத்து, "துர்னா..." என்று நீட்டிக் கூப்பிட்டாள்.

மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் எல்லாம் தலைதூக்கித் தேவதாருப் பக்கம் பார்த்தன.