சூளை ஆறும் நேரம்

என் வீடியோவை யாராவது குறை சொன்னால் எனக்குச் சுள்ளென்று வரும். விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் படிக்கிற பிள்ளைகளுக்காக நானே எழுதி, நானே பேசி எடுத்த பன்னிரண்டு நிமிடப் பாடம் அது. மின்சூளையில் கோப்பைகளை அடுக்குவது, சுடுவது, எடுப்பது. பார்ப்பதற்கு முன் ஒரு தேர்வு, பார்த்த பின் ஒரு தேர்வு. மதிப்பெண் ஏறினால் எல்லாத் தொழிற்பள்ளிகளுக்கும் அனுப்புவதாக மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள்.

நன்றாகவே ஏறியது. பெண்ணாடத்திலிருந்து பஸ்ஸில் வரும் துர்கா முதலில் ஆறு வாங்கியிருந்தாள், பிறகு இருபதுக்கு இருபது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அறிக்கையில் அவள் பெயரைத்தான் முதலில் போட்டேன்.

மறுவாரம் செய்முறை வகுப்பில் சூளையை அணைத்துவிட்டு, அந்த அறிக்கையில் கையெழுத்து வாங்க அலுவலகத்துக்குப் போனேன். திரும்பும்போது அலறல் கேட்டது. துர்கா கையுறை போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து கோப்பையை எடுத்திருந்தாள். கையுறையையும் மீறி வலது கை வெந்துபோயிருந்தது.

"ஏம்மா தொறந்த? ஒரு நாள் ஆறணும்னு தெரியாதா?" அந்த நேரத்திலும் எனக்குக் கத்தத்தான் வந்தது.

"வீடியோவுல நீங்க அணைச்ச ஒடனே தொறந்தீங்களே சார்," என்றாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து பாடத்தைப் போட்டுப் பார்த்தேன். சூளையை அணைத்தது ஒரு நாள், திறந்தது மறுநாள். நடுவில் ஒன்றும் நடக்காத நேரம், பிள்ளைகளுக்குச் சலிக்கும் என்று வெட்டியிருந்தேன். வெட்டியது தெரியக்கூடாதென்று அதே நீலச் சட்டையைத் துவைத்துத் தேய்த்து மறுநாளும் போட்டுக்கொண்டேன். அந்தச் சாமர்த்தியத்தை எல்லோரிடமும் பீற்றிக்கொண்டவன் நான். என் இருபது கேள்விகளில் ஒன்றுகூட ஆற விடுவதைப் பற்றி இல்லை.

அறிக்கையைத் திரும்ப வாங்கி, இந்தப் பாடம் பிள்ளைகளுக்கு உதவாது என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து, திருத்திய வீடியோவோடு துர்கா வீட்டுக்குப் போனேன். அணைக்கும் காட்சிக்குப் பிறகு 'ஒரு நாள் ஆற விடவும்' என்று எழுத்து வரும்.

"சரியா இருக்குதாம்மா?"

கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். "எழுத்த யாரு சார் படிப்பாங்க? இந்த எடத்துல என் கையப் படம் எடுத்துப் போடுங்க."

"வேணாம்டி, நாலு பேரு பாப்பாங்க," என்றார் அவள் அம்மா வீராயி.

"பாக்கட்டும்மா."

பல்லைக் கடித்துக்கொண்டு கட்டை அவிழ்த்தாள். செல்போனில் எடுத்தேன். படம் ஆடியிருந்தது. மறுபடி எடுக்காமல் அப்படியே பாடத்தில் சேர்த்தேன்.