மாமனாரைத் தொடாத மருமகன்

டமார்! ஆபரேஷன் தியேட்டரில் கத்திரிகள் வைத்திருந்த தட்டு கவிழ்ந்தது. கட்டிலிலிருந்து குதித்த ஜபேத் ஒயூகி, பச்சை அங்கியின் பின்பக்கத்தை இரு கைகளாலும் பொத்திக்கொண்டு சுவரில் ஒட்டி நின்றார்.

"இவன் இங்க என்ன பண்றான்?"

வாசலில் நின்றவர் டாக்டர் ஒலூச். ஒயூகியின் மூத்த மகளைக் கட்டியவர். ஒயூகியின் புராஸ்டேட் புற்றுநோயை அகற்றவேண்டிய பெரிய டாக்டர் காலையில் காய்ச்சலில் விழுந்துவிட்டார். எங்கள் நைரோபி மருத்துவமனையில் அறுவை ரோபோவை இயக்கத் தெரிந்த இன்னொருவர் ஒலூச்தான். ஒயூகியோ, வீட்டில் குடலிறக்கம் என்று சொல்லிவிட்டு வந்தவர்.

"வேற யாரோ ஒயூகின்னு நினைச்சேன் மாமா!" ஒலூச் அவசரமாக முதுகைத் திருப்பினார்.

மாமனாரின் உடம்பை மருமகன் பார்த்தால் சீரா என்ற சாபம் பிடிக்கும். பேரப்பிள்ளைகள் வரை விடாது. அவர்களுடைய லுவோ இனத்தார் இதில் விளையாடமாட்டார்கள். ஒயூகியோ ஏரிக்கரை ஊரில் இத்தகைய வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொல்பவர்.

"இன்னொரு நாள் வச்சுக்கலாம்."

"ரெண்டு தடவை தள்ளிப்போட்டாச்சு பெரியவரே," என்றார் சிஸ்டர் அகுமு. "மூணாவது தடவைக்கு நோய் காத்திருக்காது. அவரா உங்களைத் தொடப்போறார்? அதோ அந்த ரோபோவோட நாலு கைதான் தொடும். அவர் அந்த மூலையில பெட்டிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு உட்கார்ந்து அதை இயக்குவார்."

"வயித்துல ஓட்டை போடறது?"

"உதவி டாக்டர். கிசி இனத்துக்காரர். உங்களுக்கு ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

"கேமராவுல தெரியுமே?"

"உள்பக்கம்தான் தெரியும். சீராவுல உள்பக்கத்தைப் பத்தி ஏதாவது இருக்கா?"

ஒயூகி கண்ணை மூடி யோசித்தார். தியேட்டரே தீர்ப்புக்குக் காத்திருந்தது.

"இல்ல. ஆனா என்னைத் துணியால மூடி முடிக்கிற வரைக்கும் அவர் திரும்பக்கூடாது. என்கூட ஒரு வார்த்தை பேசவும் கூடாது."

ஒலூச் சுவரைப் பார்த்தபடியே நடந்து மூலைக்குப் போய்ப் பெட்டிக்குள் தலையை நுழைத்தார். ஒயூகி படுத்தார். மயக்க மருந்து முகமூடி நெருங்கியபோது அதை ஒரு கையால் தள்ளிவிட்டு, தலைக்கு மேலே தொங்கிய ரோபோவின் கையை அருகில் வரும்படி அழைத்தார்.

"ஏய் மெஷினு, நான் ரெண்டு தடவை ஓடிப்போனது கத்திக்குப் பயந்து இல்ல. ஆம்பளைத்தனத்துக்குன்னு அங்க ஒரு நரம்பு ஓடுதாமே, உன்னை ஓட்டறவர்கிட்ட அதை மட்டும் பத்திரமா விட்டுடச் சொல்லு... அவரோட மாமியாருக்கு இன்னும் வயசாகலைன்னு சொல்லு!"